பச்சை வாடை போகும்வரை

இந்த ஆடிச் சாரலில், என் வீட்டு மொட்டைமாடியில், என் கையால் ரம் பஞ்ச் காய்ச்சிச் சிநேகிதர்களுக்கு ஊற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிச் சுவருக்கு என்ன கலர் என்று நான்தான் சொல்கிறேன். என் வீட்டு நாலு சுவருக்குள் மட்டும் எனக்குச் சொல் கிடையாதா?

எங்கள் ஊருக்குக் குளிர்காலம் மார்கழியில் வராது. ஆனியிலும் ஆடியிலும்தான் வரும். குற்றாலத்தில் அருவி கொட்டினால் இங்கே துண்டு காயாது, மூக்கும் காயாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஒரு வாரம் குத்தாலிங்கம் அண்ணாச்சி வீடு, ஒரு வாரம் ஏசுதாசன் வீடு. அவர்கள் மனைவிமார் முணுமுணுத்துக்கொண்டே கறி வறுத்துக் கொடுப்பார்கள். என் முறை வந்தால் மட்டும், "ஒன் வீட்டுல டீதானலே கிடைக்கும்" என்று சிரிப்பார்கள். மூன்று வருஷமாக இந்த அவமானம். போன வாரம் பொறுக்க முடியாமல் சவால் விட்டுவிட்டேன்.

என் மனைவி குழல்வாய்மொழி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"காய்ச்சுங்களேன்" என்றாள்.

சண்டைக்கு நான் தயார் பண்ணி வைத்திருந்த பதினோரு வசனமும் வீணாய்ப் போயிற்று.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"சளிக்கு நல்லதுதான. ஒண்ணே ஒண்ணு, வீட்டுல வாடை நிக்கக்கூடாது."

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

ஞாயிறு சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தேன். டீத்தண்ணி, கருப்பட்டி, பட்டை, கிராம்பு, சுக்கு, ஆரஞ்சுத் தோல். சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு ரம்மை ஊற்றினான்.

"இவன் என்னங்க, அணைச்சிட்டு ஊத்துதான்?" என்றாள் பக்கத்தில் வந்து நின்ற குழல்வாய்மொழி.

"அப்படித்தான் ஊத்தணுமாம்."

"பச்சையாவா? ரசப்பொடி போட்டாலே ஒரு கொதி விட்டுத்தான எறக்குதோம். பச்சை வாடை போகாண்டாமா? அவன் பிரெட்டு திங்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்?"

நியாயமாகப் பட்டது. பட்டாளத்தில் இருக்கும் சிநேகிதன் ரவி லீவில் வந்தபோது கொடுத்த ரம், முழு பாட்டில். கொதிக்கிற பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டுக் கிண்டினேன்.

"போச்சா?"

மூக்கை நீட்டினாள். "லேசா இருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம்."

"இப்ப?"

"அகலமான உருளியில மாத்துங்க. சீக்கிரம் போகும்."

மாற்றினேன். ஜன்னலையும் நானே திறந்து வைத்தேன். அந்த ஜன்னல் வழியாக என் ரம் குபுகுபுவென்று மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "சுத்தமாப் போயிட்டு, எறக்குங்க. நல்ல பக்குவம்" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடித் தகரக் கொட்டகையில் ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தார்கள்.

"ஏறுதா அண்ணாச்சி?"

"எறங்குதுலே. ரெண்டு நாளா கட்டியிருந்த சளி."

ஏசுதாசன் டம்ளரை முகர்ந்தான். "எங்க வீட்டுல பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற கசாயம் மாதிரியே இருக்கு. இதுல ரம் எங்கன இருக்கு?"

சத்தியம் செய்தேன். காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

"முழு பாட்டிலையும் நீ ஒத்தையில குடிச்சிட்டு, எங்களுக்குக் கசாயமா ஊத்துத?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி இறங்கிப் போனார். ஏசுதாசனும் பின்னாலேயே போனான்.

கீழே ஓடினேன்.

"ஏட்டி, ரம் எங்க போச்சு?"

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். "எழுபத்தெட்டு டிகிரியில ஆவியாயிரும். பத்தாங்கிளாஸ் பாடம். நீங்க ஒரு மணி நேரம்லா கொதிக்க வச்சிய."

"நீதான பச்சை வாடைன்னு சொன்ன?"

"அந்த வாடைதான சரக்கு."

இது என்ன நியாயம்? தாலி கட்டியவனிடமா பாடம் நடத்துவது? இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி தெருவில் நடப்பேன்? ராத்திரி சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தேன். சரி என்று சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் போனும் கையுமாக வந்தாள்.

"அண்ணாச்சி வீட்டு மதினியும் ஏசுதாசன் வீட்டு அக்காவும் பேசினாவ. நேத்து ஆம்பளைய ரெண்டு பேரும் நேராப் படியேறி வந்து, சாப்பிட்டு, ஒழுங்காத் தூங்குனாவளாம். இனிமே வாராவாரம் கூட்டம் நம்ம வீட்டுலதான். பாட்டிலை மதினியும் அக்காவுமே குடுத்து விடுதாவளாம், நீங்க காய்ச்சுனா போதுமாம். நான் சரின்னுட்டேன்."