நாய் உட்கார்ந்த இடம்

நாய் முதலாளியின் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

கூட்ட அறையில் இருந்த அத்தனை பேரும் அது எழுந்துவிட வேண்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினார்கள். அது எழுந்திருப்பதாக இல்லை. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டு, முதலாளியின் முகத்தையே அண்ணாந்து பார்த்தது.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

கேள்வி கோந்துவுக்கு. அந்த மெத்தைத் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. முதலாளி சொன்ன சொல்லில் ஒட்டிக்கொண்டார் என்றால் மனிதரைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது பெயர்க்காரணம். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"மரியாதைக்கு உக்காந்திருக்கும் சார்," என்றார் கோந்து.

பொய் என்று அவருக்கே தெரியும். காலையில் நாயைக் கூட்டிவந்த பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நம்ம நாய் குரைக்காது, கடிக்காது. போதைப் பழக்கம் இருக்கிற ஆளைக் கண்டா பக்கத்துல போய் உக்காந்திடும். அவ்வளவுதான். அப்புறம் நீங்களாச்சு, அவராச்சு."

எல்லாம் ஒரு சிட்டிகை கஞ்சாவால் வந்த வினை. தையல் பிரிவில் ஒல்லி என்று கூப்பிடப்படும் இளைஞனின் பையில் அது அகப்பட்டது. "தூக்கமே வரல சார், அதான்..." என்று அவன் இழுத்தபோது, "தூக்கம் வரலைன்னா போதையா? ஒழுக்கம் வேணும்யா ஒழுக்கம்!" என்று கோந்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். முதலாளிக்கு அது போதவில்லை. "ஒருத்தன்கிட்ட இருந்தா ஒன்பது பேர்கிட்ட இருக்கும். வேரோட பிடுங்கணும். நாயைக் கொண்டு வா!" என்றார்.

நாய் வந்தது. வருமுன்னே வாசலில் அறிவிப்பு வந்தது. 'முதலாளி முதல் கடைநிலை ஊழியர் வரை, நாய் யார் அருகில் உட்கார்ந்தாலும் அன்றே வேலைநீக்கம்.' முதலாளி சொன்னது பின்பாதி மட்டும்தான். வாக்கியத்துக்கு ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று முன்பாதியைச் சேர்த்தவர் கோந்து.

நாய் தையல் பிரிவு முழுக்கச் சுற்றியது. யாரிடமும் உட்காரவில்லை. சரி, அதிகாரிகளோடு ஒரு புகைப்படமாவது எடுத்துக்கொள்ளலாம் என்று கூட்ட அறைக்குக் கூட்டிவந்தார்கள். வந்ததும் வராததுமாக இப்படி உட்கார்ந்துவிட்டது.

"நாற்காலியில ஏதோ வாசனை இருக்கும் சார். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க," என்றார் கோந்து.

முதலாளி மேசையின் மறுமுனைக்குப் போனார். நாயும் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவர் காலடியில் உட்கார்ந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தையல் பிரிவே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் தொழிற்சங்கத் தலைவி. பக்கத்தில் வேலைநீக்க உத்தரவை வாங்கிப்போக வந்த ஒல்லி.

"நாய் பழுது சார்," என்றார் கோந்து. "இப்பவே நிரூபிக்கிறேன்."

ஒல்லியிடம் பறிமுதல் செய்த பொட்டலத்தைக் கொண்டுவந்து நாயின் மூக்குக்கு நேராக நீட்டினார். நாய் முகர்ந்தது. தும்மியது. திரும்பி முதலாளியையே பார்த்தது.

"பாத்தீங்களா? கஞ்சாவே தெரியல இதுக்கு!" கோந்து வெற்றிக் களிப்போடு பயிற்சியாளர் பக்கம் திரும்பினார்.

பயிற்சியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பொட்டலத்தைப் பாக்காது சார், ஆளைத்தான் பாக்கும். தொண்டை காயுது. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்." கயிற்றைக் கோந்துவின் கையில் திணித்துவிட்டு வெளியே போனவர் போனவர்தான்.

முதலாளியை மட்டும் தனியாக மாட்டவிட்டால் தன் வேலை போய்விடும் என்று கோந்து கணக்குப் போட்டார். கூட்டத்தோடு கூட்டமாக ஆக்கிவிட்டால்? "மத்தவங்ககிட்டயும் ஒரு சுத்து காட்டிடலாம் சார்," என்று நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

விற்பனை மேலாளர் அருகே நாய் உட்கார்ந்தது. வாயில் புதினா மிட்டாயைக் குதப்பிக்கொண்டிருந்த தலைமைக் கணக்காளர் அருகே உட்கார்ந்தது. கொள்முதல் அதிகாரி எழுந்து சன்னல் ஓரமாக ஒதுங்கினார். அங்கேயும் போய் உட்கார்ந்தது.

வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

"யோவ், நிறுத்துய்யா!" முதலாளி கத்தினார். "டாக்டரைக் கூப்பிடு. நாய்க்குப் பைத்தியம்னு எழுதி வாங்கு!"

தொழிற்சாலை மருத்துவர் கீழ்த்தளத்தில்தான் இருந்தார். மாலை நடக்கவிருந்த போதை ஒழிப்புக் கூட்டத்தில் பேசுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் மேலே வந்து, நாயைத் தட்டிக் கொடுத்து, கண்ணைப் பார்த்து, காதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அதிகாரிகளின் கண்களைப் பார்த்தார்.

"நாய்க்கு ஒண்ணுமில்ல. நேத்து ராத்திரி நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?"

"டீலர்களுக்கு விருந்து," என்றார் கணக்காளர், மிட்டாயை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு.

"அப்போ நாய் சரியாத்தான் வேலை பாத்திருக்கு."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அட, சரக்கு வாசனையா! பயந்தே போயிட்டேன். நான்கூட என்னமோ போதைப்பொருள்னு நினைச்சேன்."

"மதுவும் போதைப்பொருள்தான் சார்."

"நல்லா இருக்கு கதை! அது கடையில பில் போட்டு விக்கிறது டாக்டர். கஞ்சாவும் அதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல." மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாலைப் பேச்சு மதியமே நடக்கிறதே என்ற வருத்தம் அவருக்கு இல்லை. "நிபுணர்கள் உக்காந்து இதை அளந்து பாத்திருக்காங்க. எடுத்துக்கிறவனுக்கு என்ன கெடுதல், அவன் வீட்டுக்கும் தெருவுக்கும் என்ன கெடுதல், ரெண்டையும் சேத்துக் கூட்டினா மதுதான் முதல் இடம். ஹெராயின்கூட அதுக்குப் பின்னாடிதான். கஞ்சா இன்னும் எவ்வளவோ கீழ."

"நம்ம ஆளு ஃபர்ஸ்ட் ரேங்க்கா!" விற்பனை மேலாளர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்.

"அதுக்காக கஞ்சா நல்லதுன்னு நான் சொல்லல. ஒல்லிக்குச் சிகிச்சை வேணும். ஆனா முதல் ரேங்க் வாங்கினவனை விருந்துக்குக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டு, கடைசி பெஞ்சுக்காரனை மட்டும் வெளியே தள்ளுறீங்களே, அதைத்தான் சொல்றேன்."

"நான் குடிக்கிறது வெளிநாட்டுச் சரக்கும்மா!"

"கல்லீரலுக்குப் பாஸ்போர்ட் பாக்கத் தெரியாது சார்."

கோந்துவுக்கு மூளையில் பல்பு எரிந்தது. பிரச்சினை போதையில் இல்லை, வாக்கியத்தில்தானே இருக்கிறது! பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அறிவிப்பின் அடியில் 'மது நீங்கலாக' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

திரும்பி வருவதற்குள் தொழிற்சங்கத் தலைவி உள்ளே வந்திருந்தார்.

"மது நீங்கலாகன்னு எழுதிட்டு வந்தீங்களாமே சார்? ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். போன விருந்து முடிஞ்சு வண்டியை ரிவர்ஸ் எடுத்து நம்ம வாட்ச்மேன் கால்ல ஏத்தினாங்களே, அது கஞ்சாவா?"

விற்பனை மேலாளர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் அவர் நொண்டிக்கிட்டுதான் இருக்கார். 'கேட் பழுது'ன்னு எழுதி முடிச்சுட்டீங்க. கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்க, காலுக்கு ஒண்ணும் பண்ணல. இந்தப் பையன் யார் காலையும் உடைக்கல சார். ராத்திரி தூங்க முடியாம எதையோ தொட்டுட்டான். தப்புதான். அதுக்கு வேலை போகணும்னா வரிசையா எல்லாருக்கும் போகட்டும். உங்க நோட்டீஸ்படி முதலாளியில இருந்து ஆரம்பிக்கலாம். நான் ரெடி."

வெளியே கைதட்டல் எழுந்தது. முதலாளி கோந்துவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, 'அந்த முன்பாதியை எழுதச் சொன்னது யார்?' என்று பொருள்.

பேரம் நீளவில்லை. அறிவிப்பு ரத்து. ஒல்லிக்கு வேலைநீக்கம் இல்லை. திங்கட்கிழமை முதல் மருத்துவரிடம் ஆலோசனைக்குப் போக வேண்டும். வாட்ச்மேனின் வைத்தியச் செலவு விற்பனை மேலாளருடையது. மருத்துவர் கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: "நாய் உக்காந்த எல்லாரும் ஒல்லிகூடவே ஆலோசனைக்கு வரணும். ஒரே பெஞ்சுதான் இருக்கு, நெருங்கி உக்காரலாம்."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். ஆனால் மானம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமே. எழுந்து வந்து கோந்துவின் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த அறையில நாய் உக்காராத ஒரே அதிகாரி இவர்தான். கம்பெனியோட ஒழுக்கம் இவர் ஒருத்தர்கிட்டதான் மிச்சம் இருக்கு. இனிமே போதை ஒழிப்புக் குழுவுக்கு இவர்தான் தலைவர்!"

கோந்துவுக்கு நெஞ்சு மெத்தைபோல உப்பியது. இத்தனை வருஷ ஒட்டலுக்குக் கிடைத்த பலன். நன்றி சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

நாய் காதை நிமிர்த்தியது. சன்னல் ஓரத்திலிருந்து எழுந்தது. நிதானமாக நடந்து வந்து, கோந்துவின் காலடியில் உட்கார்ந்தது. மற்றவர்களிடம் செய்யாத ஒன்றையும் செய்தது. தன் தலையை அவர் காலணியின்மேல் சாய்த்துக்கொண்டது.

"நான் குடிக்கிறதே இல்ல!" கோந்துவின் குரல் கிறீச்சிட்டது. "எந்த விருந்துக்கும் போறதில்ல! வேணும்னா என் வீட்டுல கேளுங்க!"

"வீட்டுல?" என்றார் மருத்துவர்.

"வீட்டுல... தூக்கம் வராது. அதுக்கு மருந்து மாதிரி ரெண்டு மூடி. ரெண்டே ரெண்டு மூடி."

கதவருகே நின்ற ஒல்லி அவரை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கோந்துவுக்கு.

"எவ்வளவு பெரிய மூடி?" என்றார் மருத்துவர்.

கோந்து காலை உருவிக்கொள்ளப் பார்த்தார். நாய் விடவில்லை. அந்தக் கனம் அவருக்குப் பழக்கமானதாக இருந்தது. சோபாவில் கண் விழிக்கும் காலைகளில் தன்மேல் போர்த்தியிருக்கும் போர்வை ஞாபகம் வந்தது. அதை யார் போர்த்தினார்கள், அதுவரை மனைவி தூங்கினாளா என்று அவர் கேட்டதே இல்லை.

"ஃபிளாஸ்க் மூடி," என்றார் மெதுவாக.

முதலாளி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "பெஞ்சுல இன்னொருத்தருக்கும் இடம் போடுங்க டாக்டர்!"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பயிற்சியாளரின் மனைவி என்றாள். ஃபோன் போட்டுப் போட்டு அலுத்து நேரிலேயே வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கிடைச்சிட்டாரு, கீழ குடோன்ல புது மெத்தை மேல மட்டையாகிக் கிடக்காரு. நாயைத்தான் காணோம்னு தேடிட்டு வந்தேன்."

"கூட்டிட்டுப் போம்மா உன் மோப்ப நாயை!" என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதைப்பொருளைக் கண்டுபிடிக்க எங்கதான் பழக்கினீங்களோ, நாள் பூரா எங்க மானத்தை வாங்கிடுச்சு!"

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சிவந்த கண்களையும், மிட்டாய் குதப்பும் வாயையும், கோந்துவின் காலில் சாய்ந்திருந்த தலையையும் பார்த்தாள்.

"மோப்ப நாயா? ஐயோ சார், எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு எங்க விழுந்து கிடந்தாலும் கண்டுபிடிச்சு, அவர் எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து காவல் காக்கணும்னு நான் பழக்கின நாய் இது. பாவம், ஒரே இடத்துல இத்தனை வீட்டுக்காரரைப் பாத்ததும் யாரைக் காக்கிறதுன்னு தெரியாம திண்டாடிப் போயிருக்கு!"