கடைசிக் குஞ்சு பறக்கும்வரை

"உள்ள போயிடுச்சு! டெல்மஸ், உன் சனியன் உள்ள போயிடுச்சு!"

ஹோபர்ட் ஸ்லோன் கொல்லையில் நின்று போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு டெல்மஸ் வாயில் கடித்த ரொட்டியோடு வேலியோரம் ஓடி வந்தார்.

"எதுடா? பாம்பா?"

"சிட்டுக்குருவி!"

"அட, இதுக்கா இந்தக் கூப்பாடு? நான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஓடியாறேன்."

"நீ தினமும் ரொட்டியப் பிச்சுப் போட்டு வளக்கறியே, அதான் வந்து நிக்குது."

சிட்டுக்குருவி என்றதும் உருகிப் போகிறவர்கள் கென்டக்கி மலைப்பக்கம் வந்து, கொல்லையில் நீலக்குருவிக்கு ஒரு பெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். நீலக்குருவி குடியிருக்கும் பெட்டிக்குள் இது நுழைந்தால் முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொத்தும், தாய் உள்ளே அகப்பட்டால் அதையும் விடாது. அப்புறம் அந்தப் பிணத்தின் மேலேயே வைக்கோலைப் பரப்பிக் குடித்தனம் நடத்தும். கொஞ்சமும் கூச்சமில்லாத ஜென்மம்.

தன் கொல்லைப் பெட்டியிலிருந்த நாலு நீல முட்டைகளை நம்பித்தான் ஹோபர்ட் அந்த வீட்டில் இருந்தார்.

முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் கிடந்ததில் நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. கூடத்தில் இருக்கிற ஆக்சிஜன் இயந்திரத்திலிருந்து மூக்குவரை ஐம்பதடிக் குழாய். பெட்டிக் கம்பத்தையே குழாய் எட்டுகிற தூரத்தில்தான் நட்டிருந்தார். மனைவி ஜூவல் போய்ப் பதினொரு வருஷம். அவள் போன வருஷமே வீட்டை மகள் ரெட்டாவின் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த ரெட்டா ஏப்ரல் தொடக்கத்தில் வந்து, "தனியா இருந்தது போதும்ப்பா. வீட்ட வித்துடலாம். எங்கூட லெக்சிங்டன் வந்துடுங்க," என்றாள்.

ஹோபர்ட் கைவசம் பதில் வைத்திருந்தார்.

"பெட்டியில முட்டை இருக்கும்மா. கூட்டக் கலைச்சா சர்க்கார் புடிச்சு உள்ள போட்ரும். சட்டமே இருக்கு. கடைசிக் குஞ்சு பறந்து போகட்டும், அன்னைக்கே கிளம்பறேன்."

பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் கைவைத்து நின்றார். ரெட்டா ஜன்னல் வழியாகப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா. அதுங்க போற வரைக்கும் இருங்க," என்றாள். அவ்வளவுதான். இவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குஞ்சு பறந்ததும் பழைய கூட்டை எடுத்துப் பெட்டியைச் சுத்தம் செய்து வைத்தால் நீலக்குருவி மறுபடி முட்டையிடும் என்பதையும், ஒரு கோடையில் இரண்டு மூன்று தடவைகூட இடும் என்பதையும் அவர் மகளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று கூச்சலுக்கே வெளியே ஓடிய சிட்டுக்குருவி திரும்ப வராமலிருக்க, கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சுற்றுகிற பளபள காகிதத்தைப் பட்டையாக வெட்டிப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். காற்றில் அது ஆட, சிட்டுக்குருவி பயந்து ஓடியது. நீலக்குருவி சட்டை பண்ணவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் எதிரி போய்விட்டதால் ஆண் நீலக்குருவிக்குப் பொழுது போகவில்லை. டெல்மஸின் பிக்கப் வண்டிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் இன்னொரு ஆண் குருவியைக் கண்டுபிடித்துவிட்டது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதனோடு சண்டை. நடுநடுவே வண்டிக் கதவெல்லாம் எச்சம்.

"சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்குடா உன் குருவி!" என்று டெல்மஸ் கத்தினார்.

ஹோபர்ட் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போய், வண்டியின் இரண்டு கண்ணாடிக்கும் தன் சாக்ஸை மாட்டிவிட்டு வந்தார். வந்தவர் அதை டெல்மஸிடம் சொல்ல மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் டெல்மஸ் வண்டியைப் பின்னால் எடுக்க, பன்னிரண்டடி வேலி படுத்துவிட்டது.

"கண்ணாடிய எட்டிப் பாத்தா உன் சாக்ஸு தொங்குது! பின்னாடி என்னடா தெரியும் எனக்கு?"

"மாட்டினது நான். பாக்காம வண்டி எடுத்தது யாரு?"

வேலி விழுந்த இடைவெளி வழியாக மூன்றாம் நாளே ஒரு கருஞ்சாரை வந்து கம்பத்தடியில் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்குள் நாலு முட்டையும் பொரிந்திருந்தன. ஹோபர்ட் விடுவாரா? எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டு அடுப்போரமும் பன்றி இறைச்சி பொரித்த கொழுப்பு ஒரு டப்பா இருக்கும். அந்த டப்பாவைக் கவிழ்த்துக் கம்பம் முழுக்கக் கெட்டியாகப் பூசினார். பாம்பு வழுக்கி விழட்டும் என்று.

பாம்பு வழுக்கியதோ இல்லையோ, கொழுப்பு வாசனை பள்ளத்தாக்கு முழுக்கப் போனது. மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது டெல்மஸின் நாய் கம்பத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு ரக்கூன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு பெட்டி ஓட்டைக்குள் கையை விட்டிருந்தது. ஹோபர்ட் வாணலியோடு பாய்ந்தார். குழாய் காலில் சுற்றியது. தலைகுப்புற விழுந்தார்.

டெல்மஸ்தான் வந்து தூக்கினார். மூக்கில் குழாயைச் சொருகி, முகத்தில் மண்ணைத் துடைத்துவிட்டு, "குருவியக் காப்பாத்துறியா, காட்டு மிருகத்துக்கெல்லாம் பந்தி வைக்கிறியா?" என்றார். திட்டிக்கொண்டே சோப்புத் தண்ணீரால் கம்பத்தைக் கழுவி, பழைய அடுப்புப் புகைக்குழாய்த் தகரத்தைச் சுற்றிக் கட்டினார். அதற்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. நாலு குஞ்சில் மூன்று மிஞ்சின.

அந்த மூன்றும் மே நடுவில் பறந்தன. அடுத்து ரெட்டா அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்றபோது, சுத்தம் செய்த பெட்டியில் புதிதாக இரண்டு முட்டை.

"சட்டம் இருக்கும்மா," என்றார் ஹோபர்ட், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"சரிப்பா," என்றாள். காருக்குப் போய் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தோத்துட்டா. அழுவுறா பாரு," என்று ஹோபர்ட் டெல்மஸிடம் சொன்னார். சொன்ன பிறகு மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காற்றில் பளபளப் பட்டைகள் பிய்ந்துபோயின. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வைக்கோலும் காகிதக் கிழிசலும். விரலால் விலக்கிப் பார்த்தார். பெண் குருவி முட்டைகளின் மேல் படுத்தபடியே செத்திருந்தது. மண்டையில் இறகே இல்லை. அது ஓடவில்லை. ஓடியிருந்தால் பிழைத்திருக்கும்.

ஹோபர்ட் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதார். குருவிக்காக எவ்வளவு, வீட்டுக்காக எவ்வளவு, ஜூவலுக்காக எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. டெல்மஸ் குழி தோண்டினார். அன்றிலிருந்து அவர் ரொட்டி போடுவதை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரெட்டா கேட்டாள். "குருவி எப்படிப்பா இருக்கு?"

"அடைகாக்குது."

"நான் பாக்கட்டுமா?"

"வேணாம்மா. பயந்துடும்."

அவள் வற்புறுத்தவில்லை. பொய் இவ்வளவு சுலபமாகப் போனதில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே ஆண் குருவி ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"நாலு நாளு! நாலே நாளுதான்டா ஆச்சு, டெல்மஸ்!"

"ஜூவல் போனப்ப சமைச்சு மூடி போட்ட பாத்திரத்தோட எத்தனை விதவைங்க உன் வாசல்ல வந்து நின்னாங்க? நீ கதவையே தொறக்கல. அது தொறந்துடுச்சு. அதுக்குப் புத்தி இருக்கு."

"வெக்கங்கெட்டது!" என்று ஹோபர்ட் குருவியைப் பார்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே கடையில் வாங்கின உயிர்ப்புழுவைத் தட்டில் கொட்டி வைத்தார்.

ஜூன் கடைசியில் ஐந்து முட்டை. இந்தத் தடவை ஹோபர்ட் ஒன்றையும் நாளைக்கென்று விடவில்லை. பட்டையை இரட்டையாகக் கட்டினார். கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார். பத்து மணிவரை படுக்கையில் கிடந்தவர் விடிகாலையில் எழுந்து காவலுக்கு உட்கார்ந்தார். பசித்துச் சாப்பிட்டார். தினம் கொஞ்ச நேரம் குழாய் இல்லாமலே நடமாடினார். வாரம் ஒருமுறை வரும் நர்சு அவரைச் சோதித்து, கருவியைத் தட்டிப் பார்த்து, மறுபடி சோதித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்டு பிறந்தது. ஐந்தும் பறந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

"அவ்ளோதான்டா. இந்த வருசத்துக்கு இனிமே இடாது," என்றார் டெல்மஸ். "ஞாயித்துக்கெழம ரெட்டா வந்தா என்ன சொல்லப் போற?"

"உள்ளதத்தான் சொல்லணும். ஒரு தடவ பொய் சொன்னேன், அது போதும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழாயைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, முக்காலி மேல் ஏறிப் பழைய கூட்டை வழித்தெடுத்தார். பிரயோஜனம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கை கேட்கவில்லை. இந்தக் கொல்லையை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு இளம்பெண் இறங்கினாள். கூரையைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தாள்.

"பெரியவரே, நீங்க இங்க தோட்ட வேலைக்கு வந்தவரா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்," என்றார் ஹோபர்ட், முக்காலியிலிருந்து இறங்காமலே. "என்ன வேணும்மா?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த வீட்டுக்காரரு ஜூனத் தாண்ட மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாராம், அதுவரைக்கும் குருவியோட நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லித்தான் அவரு மக ஏப்ரல்லயே வீட்ட எங்களுக்குப் பேசி முடிச்சாங்க, ஆகஸ்டே வந்தாச்சு, மனுசன் இன்னுமா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு?"