சுவரில் இருந்த எருமை குறித்து சம்பந்திக்கு

நெய்வேலி
1-2-1964, சனிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ குறிஞ்சிப்பாடி சம்பந்தி ராமசாமி அவர்களுக்கு, நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து சிங்காரவேல் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் சம்பந்தியம்மாள் கஸ்தூரியும் மாப்பிள்ளையும் சௌக்கியம். உங்கள் மகள் கண்ணகியும் சௌக்கியமே, ஆனால் ஆறு நாளாக என்னோடு பேசுவதில்லை. அவ்விடம் தாங்களும் வீட்டாரும் மாடு கன்றுகளும் சௌக்கியமாயிருக்க வேண்டும். உங்கள் எருமையின் சௌக்கியத்தை நான் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாட்டுப் பொங்கலன்று நான் ஸ்டோரில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது வாசல் சுவரில் ஓர் எருமை நின்றது. அடுப்புக்கரியை அரைத்து உடம்பும், காவியால் கொம்பும், துணிக்குப் போடும் நீலத்தால் மூக்கணாங்கயிறும் போட்டு, ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் உங்கள் மகள் எழுதியிருந்தாள். இடது கொம்பு கண்ணுக்கு மேல் வளைந்திருந்ததைப் பார்த்ததுமே அது உங்கள் வீட்டு எருமை என்று தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்று என் புது வேட்டியை மென்றது அதுதானே. இது சொந்த வீடு இல்லை, குவார்ட்டர்ஸ், சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும், இது எதற்கு என்று கேட்டேன். எங்கள் ஸ்டோரில் எந்தச் சாமானுக்கும் ஒரு சீட்டு உண்டு, அதில் உபயோகம் என்ன என்று எழுதியிருக்கும், அந்தப் பழக்கத்தில் கேட்டேன். அவள் நிதானமாக, “சுவரு சும்மாத்தான கெடந்துது மாமா. மாட்டுப் பொங்கலுக்கு ஒரு மாடு வேணுமில்லீங்களா” என்றாள்.

இங்கே குவார்ட்டர்ஸில் மாடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வரிசையில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் மாட்டை ஊரில் விட்டு வந்தவர்கள் அல்லது விற்று வந்தவர்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி எட்டியதுதான் தாமதம். பக்கத்து வீட்டுத் தனகோட்டி மாலையோடு வந்து சுவரில் ஆணி அடித்து (கேட்காமல்தான்) எருமையின் கழுத்தில் மாட்டினார். அவர் சம்சாரம் வீரம்மாள் மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கலை உருட்டி அதன் வாயில் அப்பினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. கரும்பென்ன, வாழைப்பழமென்ன, என் வீட்டு வாசலில் நான் உள்ளே போக வழி இல்லை. மறுநாள் அந்த வாய்க்கு எறும்பு வந்தது, அங்கிருந்து எங்கள் சமையலறைக்கு வந்தது. அதைக்கூடப் பொறுத்தேன். ‘ஸ்டோர் சிங்காரவேல் வீடு’ என்பது போய் ‘எருமை வூடு’ என்று ஆனதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வாரம் வேறு பிளாக்கிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மாள் செம்போடு வந்து, காலையில் அரைப்படி பால் கிடைக்குமா என்று என்னைக் கேட்டாள். அது படம் அம்மா என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த எரிச்சலில், “இன்னும் கன்னு போடலை” என்று சொல்லித் தொலைத்தேன்.

இதற்கிடையில் குவார்ட்டர்ஸைப் பார்வையிட ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். இந்த வீட்டுக்கு நான் நான்கு வருஷம் காத்திருந்தேன். அதுவரை மந்தாரக்குப்பத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு கையை விட்டுப் போனால் இந்த வயதில் மறுபடி அங்கேதான் போக வேண்டும். ஆகவே சென்ற ஞாயிறு, குடியரசு தினம், லீவு, பொழுது விடிந்ததும் சுண்ணாம்பைக் கரைத்து எருமையை வால் முதல் தலை வரை நானே அழித்தேன். கண்ணகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அன்று சாயங்காலமே மனமகிழ் மன்றத்தில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் ‘சமுதாயத்தில் நுண்கலையின் இடம்’ என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கலைதான் மனிதனை மனிதனாக்குகிறது என்று பலமுறை சொன்னார். நகக்கண்ணில் சுண்ணாம்போடு நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். அவர் சுவரைப் பார்க்க வரவில்லை. இந்த வீட்டில் எருமை கட்டியிருப்பதாக அவருக்குத் தகவல் போயிருக்கிறது. படம்தான் ஐயா என்று சொல்லி, வெறும் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் பளிச்சென்றிருந்த புதுச் சுண்ணாம்பைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த காய்ந்த மாலையையும் கரும்புச் சக்கையையும் பார்த்தார், தொழுவம் இருந்த இடத்துக்குத்தான் இவ்வளவு அவசரமாக வெள்ளை அடிப்பார்கள் என்றார். எனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று தனகோட்டி குறுக்கே வந்து, “நல்ல எருமைங்க. ஒரு கொம்பு வளைஞ்சிருக்கும். மாலை போட்டதே நான்தாங்க” என்றார். வீரம்மாள் விடுவாளா? “யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லீங்க. ஒரு நாளாச்சும் கத்தினதில்ல” என்றாள். இருவரும் சொன்னது சத்தியம், ஒரு எழுத்துப் பொய் கிடையாது. கடைசியில் செம்பு கொண்டுவந்த அம்மாளின் சாட்சியம் வந்தது. அவள் அதிகாரியின் வீட்டில் சமைப்பவளாம். கன்று போடாத கதையை அவர் என்னிடமே திருப்பிச் சொன்னார். படத்துக்கு எவனாவது பொங்கல் வைப்பானா என்றும் கேட்டார். சாமி படத்துக்கு வைக்கிறோமே என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை திரும்ப வருவாராம். படம் என்றால் படத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸில் மாடு வைத்திருந்ததாக எழுதிவிடுவாராம், அப்புறம் வீடு இல்லை.

ஆக, எந்தப் படத்தால் வீடு போய்விடும் என்று அழித்தேனோ அந்தப் படம் இல்லாததால் வீடு போகிறது. அன்று மத்தியானமே கரி, காவி, நீலம் எல்லாவற்றையும் தட்டில் வைத்து மருமகள் முன்னால் கொண்டுபோய் வைத்து, எழுதம்மா என்றேன். மாமனார் கெஞ்சக் கூடாது என்று சட்டம் இல்லையே, கெஞ்சினேன். அவள் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள். “நான் பாத்து மனசுல வெச்சிருந்தத எழுதினேன் மாமா. அது உங்க சுண்ணாம்போட போயிட்டுது. மறுபடி பாத்தாத்தான் வரும்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். திரும்பவும் மௌனம். சாப்பாட்டில் குறை இல்லை, உப்பு உறைப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் சம்பந்தி அவர்கள் தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டவுடன் மேற்படி எருமையை வடலூர் வழியாக ஓட்டிக்கொண்டு புறப்பட வேண்டியது. திங்கட்கிழமைக்குள் மந்தாரக்குப்பம் வந்து கடைத்தெருவில் நிற்கவும். டவுன்ஷிப்புக்குள் கொண்டுவர வேண்டாம், யாராவது பார்த்தால் நான் தொலைந்தேன். நான் கண்ணகியை அழைத்து வந்து காட்டுகிறேன். அவள் பார்த்து முடித்ததும் தாங்கள் அதை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இதை எதற்கு என்று வழியில் கேட்பவர்களிடம் தாங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, யோசித்து வைத்துக்கொள்ளவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் குறைவில்லாத வாழ்வும் கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
சிங்காரவேல்

பின்குறிப்பு: செவ்வாய் மாலை. எருமையை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். சனிக்கிழமை கடிதத்தை உங்கள் ஊருக்குக் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்காமல் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று காலை எழுந்து பார்த்தால் சுவரில் படம் இருக்கிறது. எருமை இல்லை, நான் இருக்கிறேன். பனியனோடு, குனிந்த முதுகோடு, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு முன்னால் எருமையின் தலையும் வளைந்த கொம்பும் மட்டும் மிச்சம் இருக்கிறது, உடம்பை அழித்துவிட்டேன், அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிகாரி வந்தார், வெகுநேரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், சிரித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். வீடு தப்பியது. எருமையைப் பார்த்தால்தான் வரும் என்றாயே, இது எப்படி வந்தது என்று கண்ணகியைக் கேட்டேன். “இதை நான் பாத்தேனில்லீங்களா மாமா” என்றாள். எல்லாரும் உள்ளே போன பிறகு நான் அங்கேயே நின்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. சுவரில் இருக்கும் என் முகத்தில் கோபமே இல்லை சம்பந்தி, பயம்தான் இருக்கிறது. அதை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள்.