பிட்டக்காவும் ஒரு மில்லிமீட்டர் குழந்தையும்

ஒரகடம் வட்டாரத்தில் இத்தனை கம்பெனி இருந்தும், இரும்பை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் எங்கள் பிட்டக்காதான்.

நாங்கள் வேலை பார்த்தது ப்ளைவுட்டில் பொம்மையும் பெயர்ப்பலகையும் வெட்டும் சின்னப் பட்டறை. அக்காவுக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. சேர வந்த அன்று முதலாளி, "பிட்டு பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது கம்ப்யூட்டர் மெஷினின் முனையில் மாட்டுகிற வெட்டுக்கத்தியை. அக்காவுக்குப் பரீட்சை ஞாபகம். "இன்னா சார் இப்டி கேட்டுட்ட? பத்தாவதுல ரெண்டு வாட்டி ஃபெயிலு. பிட்டு அடிச்சிருந்தா ஃபெயிலாயிருப்பேனா?" என்று சண்டைக்குப் போய்விட்டாராம். வேலையும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது.

ஆறு மில்லிமீட்டர் பிட்டு அவருக்கு மாமனார். எவ்வளவு போட்டாலும் தின்னும். மூன்று மில்லிமீட்டர் நாத்தனார். சூடானால் பக்கத்தில் போகக் கூடாது. ஊசி போலிருக்கும் ஒரு மில்லிமீட்டர் மட்டும் குழந்தை. பொடி எழுத்து வெட்ட அதுதான் வேண்டும். அதைப் பெருங்காய டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்திருப்பார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து, முனை மழுங்கவில்லை என்று தெரிந்தால்தான் மாட்டுவார். "கொயந்தைக்கு அர அர மில்லியாத்தான் ஊட்டணும். மொத்தமா அடச்சா புட்டுக்கும்" என்பார்.

நான் டிசைன் போடுகிறவன். கோவில்பட்டியிலிருந்து வந்த முதல் மாதமே மூன்று குழந்தைகளை ஒடித்திருந்தேன். "இன்னொண்ணு ஒடஞ்சா நீ ஊருக்கு பஸ் ஏறிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் மனைவியையும் மகளையும் பட்டறைக்குப் பக்கத்து மண்ணூருக்கு அழைத்து வந்து, மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

ஒரு மதியம் அக்கா கை கழுவப் போயிருந்தார். அவசர ஆர்டர். நானே ஸ்டார்ட்டை அழுத்தினேன். ஆழம் அரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில், மாமனாருக்குப் போட்டிருந்த மூன்று மில்லி அப்படியே கிடந்தது. டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"யக்கா, ஒடிஞ்சு போச்சுக்கா" என்றேன். அக்கா அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். மெஷின் நின்றதைப் பார்த்து முதலாளியும் வந்துவிட்டார்.

"யாரு ஒடச்சது?"

அக்கா ஈரக் கையைச் சேலைக்கு மேல் போட்டிருந்த பட்டறைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். "நான்தான் சார். கொஞ்சம் அசந்துட்டேன்."

முதலாளியால் நம்பவே முடியவில்லை. அக்கா கையில் ஒரு பிட்டுகூட ஒடிந்ததில்லை என்று வருடா வருடம் ஆயுத பூஜையில் எல்லார் முன்னாலும் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் ஆரம்பித்தது பாருங்கள்! "கொயந்தைக்கு மாமனார் எலைய போட்டுக்கீறியே, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று தொடங்கி, டீ டைம் வரை விடவில்லை. திட்டிக்கொண்டே, சில்லு ஏதும் பட்டிருக்கிறதா என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வருட ஆயுத பூஜையில் முதலாளி அக்கா பேச்சையே எடுக்கவில்லை. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், தன் பங்குப் பொரியையும் என் பையில் கொட்டி, "பாப்பாக்கு எத்துனு போ" என்றார். எனக்குக் கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.