நீலகண்டரும் ஷெல் அடித்த ஏழு புள்ளியும்

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் சீவித்த தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் காந்தியவாதி அல்ல, சாமியாரும் அல்ல. ஸ்னூக்கர் விளையாட்டுக்காரர். மற்றவர்கள் நாங்கள் காலையில் பல் தீட்டும்போதே அன்றைக்குச் சொல்ல வேண்டிய பொய்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு இறங்குவோம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது கொழும்புக்கு வந்தாய் என்று சந்திக்குச் சந்தி கேட்பார்கள். உண்மை எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும், அதைவிட அப்பாவியான ஒன்றைத்தான் நாங்கள் சொல்வோம்.

அவரை நாங்கள் நீலகண்டர் என்போம். பெற்றோர் வைத்த பெயர் அல்ல, வெள்ளவத்தை லொட்ஜில் நாங்கள் வைத்தது. ஸ்னூக்கர் ஆடுபவர்கள் தடியின் நுனிக்கு நீலச் சோக்குத் தேய்ப்பார்கள். இவர் யோசிக்கும்போது சோக்குப் படிந்த விரலால் தொண்டையைச் சொறிவார். ஆட்டம் இல்லாத நாளிலும் யோசனை உண்டு என்பதால் தொண்டை எப்போதும் நீலம். லொட்ஜை நடத்திய மணி அன்ரி, ஆளுக்கு ஏதோ தொற்றுநோய் என்று பயந்து முதல் ஒரு கிழமை தனித் தட்டில் சோறு போட்டார்.

அன்ரி அதைத் தடி என்றால் அவருக்குக் கோபம் வரும். அது கியூ. யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் கடல் கடந்தபோது உடுப்புப் பையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கியூவைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர். உறையில் போட்டுக் கொண்டுபோனால் துவக்கு என்று நினைப்பார்கள் என்பதால், முருகன் வேல் பிடித்த மாதிரி வெறுமனே நிமிர்த்திப் பிடித்தபடி நடப்பார். சந்திகளில் காவல் நின்ற சென்றிக்காரர்கள் முதலில் பதறினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். காலி வீதியில் மறிக்கப்படாமல் நடந்த ஒரே தமிழரும் அவர்தான்.

இங்கிலாந்துச் சம்பியன்களைப் பற்றிப் பக்கத்து வளவுக்காரர் மாதிரித்தான் கதைப்பார். எவருடைய கியூ எத்தனை அவுன்ஸ், எவர் நுனித்தோலை மாற்றியதால் வருடம் முழுக்கத் தோற்றார், எவர் சின்னப் பொடியனாக வாங்கிய கியூவை நரைத்த பிறகும் கைவிடவில்லை என்று எல்லாம் தெரியும். ஸ்கொட்லாந்துச் சம்பியன் ஒருவர் தோற்ற முடிவை றேடியோவில் கேட்ட ஒரு காலையில், அந்தப் பொடியனுக்கு ஏதோ மனக்கவலை, சாப்பாடு இறங்கவில்லைப் போல என்று சொல்லிவிட்டுத் தானும் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அவர் பயிற்சி எடுத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியில். அங்கே இருந்த இரண்டு மேசைகளில் ஒன்றின் துணி கிழிந்திருக்கும். மற்றது துறைமுகப் பக்கம் சரிந்திருக்கும். மெதுவாக அடித்த பந்து தானாகக் கப்பல் பக்கம் உருளும். இந்தக் காலத்தில் பந்துகளும் வெளிநாடு போகத்தான் பார்க்கின்றன என்பார் அந்த இடத்து முதலாளி.

இனி அவருடைய பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். ஸ்னூக்கரில் தொடக்கூடாத பந்தில் சட்டைக் கை உரசினாலே பிழை. அதற்கு ஃபவுல் என்று பெயர். நடுவர் காணாவிட்டாலும், பிழை விட்டவரே கையை உயர்த்திச் சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்துவிட வேண்டும். இது அந்த விளையாட்டின் மரியாதை. நீலகண்டர் இந்த மரியாதையை மேசையோடு நிறுத்தவில்லை என்பதுதான் எங்களுடைய தலைவிதி. பஸ்ஸில் ஒரு தரிப்பு அதிகமாகப் போய்விட்டால் கண்டக்டரைக் கூப்பிட்டு ஃபவுல் என்பார். இரண்டு துண்டு மீன் எடுத்துவிட்டு, அன்ரி காணாதபோதும் கையைத் தூக்குவார். என் சவர்க்காரத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து என்னை எழுப்பிச் சொல்லியிருக்கிறார்.

ஸ்னூக்கரில் ஒரே மூச்சில் அடிக்கக்கூடிய உச்சப் புள்ளி நூற்று நாற்பத்தேழு. யாழ்ப்பாணத்துக் கிளப் ஒன்றில் இவர் நூற்று நாற்பது வரை போய்விட்டார். மிச்சம் கடைசிக் கறுப்புப் பந்து மட்டும். அதற்குப் புள்ளி ஏழு. குனிந்து குறிபார்த்த நேரம் பின்வளவில் ஷெல் விழுந்தது. சுவர் வெடித்தது, மேசை குலுங்கியது, கறுப்பு தானாக உருண்டு குழிக்குள் விழுந்தது. கிளப்பில் இருந்தவர்கள் உயிர் தப்பிய சந்தோஷத்தில் நூற்று நாற்பத்தேழு என்று கத்தினார்கள். இவர் மட்டும் சம்மதிக்கவில்லை.

"அந்த ஏழும் ஷெல் அடிச்சது. நான் அடிச்சது நூற்று நாப்பது" என்பார், யார் கேட்டாலும்.

எங்கள் லொட்ஜில் எல்லோரும் ஏஜென்ற் மூலம் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள்தான். ஒருநாள் ஏஜென்ற் வந்து, இவருடைய முகச்சாயலுக்குப் பொருந்தக்கூடிய வேறொருவரின் பாஸ்போட்டைக் காட்டினார். மீசை மட்டும் வைத்தால் போதும், ஆர் பாக்கப் போகினம் என்றார்.

"நான் பாத்துக்கொண்டு இருப்பனே" என்றார் நீலகண்டர்.

ஏஜென்ற் வேலையை விட்டுவிடலாம் என்று யோசித்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அவருக்கும் போக ஆசை இருந்தது. அந்த வருடம் அகில இலங்கைப் போட்டி ஒன்று நடந்தது. வெல்பவரைச் செலவு கொடுத்து இங்கிலாந்துக்கு ஆட அனுப்புவார்கள். சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு, மீசை இல்லாமல் போகலாம். அவருக்கு இருந்த ஒரே வழி அது. துறைமுகப் பக்கம் சரிந்த மேசையில் பழகிய மனிதர், நேரான மேசையைக் கண்டதும் பசித்தவன் பந்தியில் இருந்த மாதிரி ஆடினார். கோட்டு சூட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை ஆட்டம். அன்ரி கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்.

அந்தக் கிழமை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. மறுநாள் விடிய லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து எங்களைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தியது. வந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், சென்றியில் இவரைப் பார்த்துப் பழகியவர். கியூவும் கையுமாக நின்றவரைக் கண்டதும், "பிலியட் மாத்தயா நே? யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, பிலியட் ஐயா போகலாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் மூச்சு விட்டோம்.

நீலகண்டர் போகவில்லை. கையை உயர்த்தினார்.

"சேர், ஃபவுல்."

விஷயம் இவ்வளவுதான். குண்டுக்கு முதலே இரவில் சந்திக்குச் சந்தி கெடுபிடி கூடியிருந்ததால், பயிற்சி முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பாமல் சில இரவுகள் கொட்டாஞ்சேனை மாடியிலேயே படுத்துவிட்டார். பொலிஸ் பதிவோ வெள்ளவத்தையில். பதியாத இடத்தில் தங்கியது குற்றம். அதை அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். அன்ரி பின்னால் நின்று அவருடைய சேட்டுத் துணியைப் பிடித்து இழுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் கேட்காத மாதிரி அடுத்தவரிடம் போனார். சேருக்குக் கேட்கவில்லைப் போல என்று நினைத்த எங்கள் ஆள், இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னார். இந்த முறை வாசலில் நின்ற மேலதிகாரிக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்த நல்ல மனிதர் எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜீப்பில் ஏற்றும்போது கியூவை என்னிடம் தந்தார்.

"தம்பி, சுவரில சாத்தாதை, வளைஞ்சிடும். படுக்க வை. சனிக்கிழமைக்குள்ள வந்திடுவன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று அன்ரி திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். லொட்ஜில் நேரான இடம் என்று இருந்தது என் கட்டில் ஒன்றுதான். கியூ கட்டிலில் படுத்தது, நான் நிலத்தில் படுத்தேன். இரண்டு சனிக்கிழமை போனால் வந்துவிடுவார் என்று நினைத்தேன். மாரிமழை வந்த பிறகும் நிலத்தில்தான் படுத்தேன். இறுதி ஆட்டத்தில் எதிராளி ஆடாமலே வென்று, இங்கிலாந்து போய், முதல் சுற்றிலேயே தோற்றார். அந்தச் செய்தி வந்த அன்று லொட்ஜில் எல்லோருக்கும் பாயசம். அன்ரி தன் கிளாசைத் தொடவில்லை.

ஒரு மழை நாளில் அவர் வந்தார். பாதி ஆளாக வந்தார். வந்ததும் கியூவை எடுத்து நிலத்தில் உருட்டிப் பார்த்து, நேராத்தான் இருக்கு என்றார். பிறகு கியூவைத் தாங்க இடக்கையை மேசையில் ஊன்றினார். இரண்டு விரல் விரியவில்லை. இன்னொரு முறை ஊன்றிப் பார்த்துவிட்டுக் கையைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, என்ன செய்தவங்கள்?" என்று கேட்டேன்.

பழக்கத்தில் தொண்டையைச் சொறிந்தார். நீலம் இல்லை.

"அதை நான் சொல்லக் கூடாது தம்பி. ஃபவுல் விட்டவன்தான் கையைத் தூக்கிச் சொல்ல வேணும்."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யுத்தம் முடிந்தும் எவ்வளவோ காலம். எந்தப் பக்கத்திலும் எந்தக் கையும் இன்னும் உயரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. கொட்டாஞ்சேனை மாடியில் மற்றவர்கள் அடிக்கும் புள்ளியைச் சத்தமாகச் சொல்லும் வேலை பார்த்தார். ஒரு புள்ளி கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். அங்கேயே ஒருநாள் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார் என்று அன்ரி தொலைபேசியில் சொன்னபோது நான் லண்டனுக்கு வந்துவிட்டிருந்தேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

இங்கே ரீவியில் ஸ்னூக்கர் ஓடும். எப்போதாவது குனிந்து நின்ற ஒரு வெள்ளைக்காரர் நிமிர்ந்து, யாருமே காணாத பிழைக்குத் தானே கையை உயர்த்திவிட்டுக் கதிரையில் போய் இருப்பார். அப்போது என்னை அறியாமல் "எங்கட ஆள்" என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் ஓடிவந்து திரையில் தமிழர் யார் என்று தேடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து தேடுவேன்.