விழுப்புரத்தில் தயாராக இருந்த ஒரே வீடு

விழுப்புரம்,
சித்திரபானு வருஷம் ஆனி மாதம்,
வெள்ளிக்கிழமை.

திண்டிவனம் மல்லாட்டை மண்டி, மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் தேவநாதன் அவர்களுக்குக் கோதண்டபாணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை செண்பகமும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் அக்கா கோவிந்தம்மாளும் குழந்தைகளும் மனசளவிலும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

போன கடிதத்தில், யுத்தம் நம் பக்கம் வந்தால் விழுப்புரத்தில் கடைசி வரை நிற்கிற வீடு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜப்பான்காரன் இன்னும் வரவில்லை. அவன் வந்து செய்ய வேண்டிய வேலையை எல்லாம் உங்கள் தங்கையே செய்து முடித்துவிட்டாள். ஆகையால் தாங்கள் மண்டியை ஒரு நாள் மூடிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். காரணங்களை விவரமாக எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்கவும். எழுதுகிறவன் கோபமாக இருக்கிறேன், அது போதும்.

ரங்கூன் விழுந்துவிட்டது என்று மாசிக் கடைசியில் பேப்பரில் போட்ட நாளிலிருந்து நம் பிள்ளை விருத்தாசலத்திடமிருந்து ஒரு கார்டு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் கணக்கு எழுதிய அரிசி மில்லுக்கு எழுதினேன், பட்டணத்தில் அகதிகளுக்கென்று வைத்திருக்கும் ஆபீசுக்கு எழுதினேன், எல்லாம் கிணற்றில் போட்ட கல். கூட்ஸ் ஷெட்டில் காலமெல்லாம் ஓடியாடிக்கொண்டிருந்தவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்? பையன் எந்தக் காட்டு வழியாக நடந்து வந்தாலும் வந்து சேரும்போது வீடு என்று ஒன்று இருக்க வேண்டாமா? அதனால்தான் சர்க்கார் நோட்டீசை வரி விடாமல் படித்து வீட்டைத் தயார் செய்ய இறங்கினேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். வாசலில் மணல் வாளி வைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனைகள் அதை என்ன காரியத்துக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டன என்று எழுத வேண்டியதில்லை. கூலியாள் பச்சைமுத்துவைக் கூப்பிட்டுக் கொல்லையில் பதுங்கு குழி வெட்டினேன். குண்டுத் துண்டு மூலை திரும்பாது என்று நோட்டீசில் போட்டிருந்தபடியால் குழியை வளைத்து வெட்டினோம். உள்ளே உட்கார மண்ணாலேயே மேடை விட்டோம். விருத்தாசலம் காலை நீட்டி உட்காருகிறவன் என்பதால் அவனுக்குக் கோடியில் கொஞ்சம் அகலமாகவே இடம் விட்டிருக்கிறது. வெட்டி முடித்த அன்றைக்கே கோடை மழை கொட்டி, குழி குளமாகி, பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவின் ஆடு அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. "ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்தாக்கூட என் ஆடு தப்பிச்சிருக்கும் சார், உங்க பந்தோபஸ்துல மாட்டிக்கினு கால் போச்சு" என்று அவன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

தண்ணீரை இறைத்துவிட்டு ஒத்திகை வைத்தேன். விசில் ஊதினால் நானும் செண்பகமும் துரைக்கண்ணுவும் அவன் சம்சாரமும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பல்லுக்கு நடுவில் ரப்பர்த் துண்டைக் கடித்துக்கொண்டு குழியில் இறங்க வேண்டும். இறங்கியதும் செண்பகம் ரப்பரை எடுத்துவிட்டு எல்லார் பேரையும் கூப்பிட்டு ஆஜர் பார்க்க வேண்டும். வீடு இடிந்து, மீட்க வருகிற சர்க்கார் வார்டன் "உள்ளே யாரார்?" என்று கேட்டால் சொல்ல ஒருத்தர் வேண்டுமே என்று அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். அங்கேதான் வந்தது வினை. துரைக்கண்ணு, காந்திமதி என்று சொன்னவள், என்னிடம் வந்ததும் "அவுரு" என்றாள். புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், அது போகட்டும். கோடியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "மண்ணாங்கட்டி இன்னும் வர்ல" என்றாள். நான் விசிலைக் கீழே போட்டுவிட்டேன். ஏன் என்றால், வார்டனிடம் போய்க் குழிக்குள்ளே அவுரும் மண்ணாங்கட்டியும் இருக்கிறது என்று சொன்னால் எந்த மடையன் தோண்டி எடுப்பான்? ஆபத்துக் காலத்தில் ரிஜிஸ்தரில் உள்ள பேரைத்தான் சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். பிள்ளைக்கு வைத்த விருத்தாசலம் என்பது என் தகப்பனார் பேர். மாமனார் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்று அவள் ரப்பரை மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். ஒத்திகை அத்துடன் கலைந்தது.

அதற்குப் பிறகு சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவிக் காயவைத்து அதில் வறுத்த கேப்பை மாவு, அவல், வெல்லம், உடைத்த மல்லாட்டைக் கடலை என்று ஒரு மாசத்துக்குத் தாங்கும்படி போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் திறந்து பார்த்தால் டின் முக்கால்வாசி காலி. டிஞ்சர் புட்டி இல்லை. கட்டுப் போடும் துணி இல்லை. குழிக்குள் விரிக்க வைத்திருந்த கம்பளிகளையும் காணோம். ஆட்டுக்குப் பழி வாங்குகிறான் என்று நினைத்துத் துரைக்கண்ணுவைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுவிட்டேன். அவன் அழுதேவிட்டான் மச்சான். செண்பகம் அடுக்களையில் நின்று இத்தனையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கூட்ஸ் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்த அப்பாதுரை கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார்: "உங்க வூட்டம்மா புண்ணியவதி சார். பர்மாவுலேர்ந்து வர்ற சனங்களுக்குத் தெனமும் பிளாட்பாரத்துல கஞ்சி ஊத்திக்கினு இருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். பட்டணத்திலிருந்து வந்த பாசஞ்சர் தண்ணீர் பிடிக்க நின்றுகொண்டிருந்தது. தெற்கே தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் திரும்புகிற சனங்கள். கைலியும் கிழிந்த சட்டையுமாக, காய்ச்சலில் முடி கொட்டின தலையோடு, கால் வீங்கி, ஜன்னலில் சாய்ந்துகொண்டு கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் வந்தார்கள். என் கம்பளி ஒரு பெண்பிள்ளையின் தோளில் இருந்தது. என் கட்டுத் துணி ஒருத்தன் காலில் இருந்தது. செண்பகம் ஜன்னல் ஜன்னலாகக் கேப்பைக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏம்பா, எம்புள்ளயப் பாத்தியா? ரங்கூன்ல அரிசி மில்லுல கணக்கு எழுதிக்கினு இருந்தான். ஒயரமா இருப்பான். மண்ணாங்கட்டின்னு பேரு." அவர்கள் குடித்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார்கள். எப்படித் தெரியும்? ரங்கூனில் அவனை யார் மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டிருப்பார்கள்? மாசக்கணக்காக, அந்த வழியாகப் போன அத்தனை சனத்திடமும், அவர்கள் காதிலேயே விழுந்திராத ஒரு பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிளாட்பாரம் என்றும் பாராமல் கத்தினேன். "பேரச் சொல்லித் தொலையேன்! அப்பா செத்து எத்தினி வருஷம் ஆச்சு!"

"செத்துப் போயிட்டா மாமனார் இல்லன்னு ஆயிடுமா? வாக்கப்பட்டு வந்த நாளா சொல்லாத பேரு, இப்ப எப்பிடிங்க சொல்றது?"

"புள்ள முக்கியமா, பேரு முக்கியமா?"

அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். "முன்னாடி பெத்ததெல்லாம் நல்ல பேரா வச்சுத்தான் கூப்பிட்டோம். ஒண்ணாச்சும் தங்குச்சா? இவனத்தான் குப்பையில பொரட்டி எடுத்து மண்ணாங்கட்டின்னோம். எமன் திரும்பிப் பாக்கல. அந்தப் பேருலதான் தங்கினான். அந்தப் பேரச் சொல்லிக் கேட்டாத்தாங்க வருவான்."

மறுநாளிலிருந்து நானும் போகிறேன். வண்டி வந்ததும் அவள் எஞ்சின் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள், நான் கார்டு வண்டிப் பக்கத்திலிருந்து. அவள் மண்ணாங்கட்டியைக் கேட்பாள், நான் விருத்தாசலத்தைக் கேட்பேன். நடுவில் ஒரு பெட்டியில் இருவரும் சந்திப்போம், முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டோம். ஒரு நாள் அந்த நடுப்பெட்டியில் இருந்த அம்மாள் ஒருத்தி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு புள்ளையையும் அங்கேயா அனுப்பினீங்க? ஒண்ணாச்சும் வந்து சேரணும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது மச்சான். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்றால், கூட்ஸ் ஷெட் சுவருக்குப் பின்னால் போய் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆக, நிலவரம் இதுதான். குழியில் தவளை, டின்னில் காற்று, துரைக்கண்ணு பேச்சுவார்த்தை இல்லை. இன்றைக்கே சைரன் ஊதினால் கடித்துக்கொள்ள ரப்பர்த் துண்டைத் தவிர இந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அவளும் வெயிலில் நின்று நின்று பாதியாகிவிட்டாள். நேற்று மயக்கம் போட்டு, ரயில்வே போர்ட்டர் தண்ணீர் தெளித்து எழுப்பினார். நான் சொன்னால் கேட்கிறவள் இல்லை. கூடப் பிறந்த அண்ணன் நீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். பிள்ளையைத் தேட மாமனார் பேரைச் சொன்னால் பாவமில்லை என்று நீங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கையோடு அழைத்துப்போய் ஒரு மாசம் வைத்திருங்கள். அதற்குள் நான் குழியைச் சரிசெய்து, டின்னை நிரப்பி, விருத்தாசலத்தை முறைப்படி அவன் பேரிலேயே விசாரித்துக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் எல்லாரும் கண்ணெதிரிலேயே வளர்ந்து, கண்ணெதிரிலேயே பிழைத்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
கோதண்டபாணி

பி.கு.: சனிக்கிழமை காலை. கடிதத்தை நேற்றுத் தபாலில் சேர்க்க முடியவில்லை. நேற்று சாயங்காலப் பாசஞ்சரில், நான் கேட்ட கடைசிப் பெட்டியில் ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார். கும்பகோணத்துக்காரர், ராஜாமணி என்று பேர். "விழுப்புரம் விருத்தாசலமா? அரிசி மில்லு கணக்குப்பிள்ளையா? எங்கப்பா இந்நேரம் கொல்லையில குழி வெட்டி வச்சிக்கிட்டு விசில் ஊதிக்கிட்டிருப்பாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே" என்றார். அப்புறம் சொன்னார். கூட்டமாக நடந்து வந்திருக்கிறார்கள். மலையேறும் இடத்தில் வாந்திபேதி கண்டிருக்கிறது. ஒரு ஓடைக்கரையில், மூங்கில் அடியில், கையால் மண்ணைத் தோண்டி மூடிவிட்டு வந்தார்களாம். பிள்ளை போய்விட்டான் மச்சான்.

செண்பகம் கஞ்சிப் பானையோடு நடந்து வருவது தெரிந்தது. நான் ராஜாமணியைத் தடுக்கவில்லை. அம்மாவா என்று கேட்டு, அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் திரும்பச் சொன்னார். கடைசி வரை நின்று கேட்டாள். அவருக்குக் கஞ்சி ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் குடி என்று மறுபடியும் ஊற்றினாள். "யாரு பெத்த புள்ளயோ, அவங்கம்மா எப்பிடித்தான் தாங்குவாளோ" என்றாள். பிறகு, "ஆனா அது எங்க மாமனாரு பேருப்பா. எம்புள்ள பேரு மண்ணாங்கட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். அங்கேயும் கேட்டாள். அவள் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வீட்டுக்கு வந்து நான் மட்டும் கிணற்றடியில் தலை முழுகினேன். இந்நேரத்துக்கு எதற்கு என்று கேட்டாள். புழுக்கமாக இருக்கிறது என்றேன்.

ஆகையால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவளை எங்கும் அழைத்துப் போகவும் வேண்டாம், அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது. நான் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பட்டணத்து வண்டி எங்களுக்கு முன்னால் திண்டிவனத்தில்தானே நிற்கிறது. மண்டியில் ஆளை உட்கார வைத்துவிட்டு, தினமும் நீங்களும் கொஞ்சம் போய் ஜன்னல் ஜன்னலாகக் கேளுங்கள். அவள் கடிதம் போட்டு உங்களை விசாரிப்பாள். மண்ணாங்கட்டி என்றே கேளுங்கள் மச்சான். அந்த இன்னொரு பேரைத் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.