கையைக் கட்டாதே நைனா

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாயைத் திறக்காமலே பத்துப் பேரைத் திட்டி, ஒன்பது பேரிடம் திட்டு வாங்கி, நடுவில் டீயும் ஆற்றக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். சிக்னல். நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கடைப் பலகையிலும் ‘சிக்னல் டீ ஸ்டால்’தான்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவருடைய அப்பா, அம்மா இருவருக்கும்தான் பிறவியிலிருந்தே கேட்காது. பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்கள். அவரவர் பிறந்த வீட்டில் தாமாக உண்டாக்கிய கைப்பேச்சோடு கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

“தண்ணிக்கு யார் சைகை கரெக்டுன்னு ஒரு வருசம் சண்டை நைனா. அதுவரைக்கும் ரெண்டு பேரும் சொம்பைத் தூக்கித் தூக்கிக் காமிச்சிக்கினு இருந்தாங்க.”

“கடைசியில் யார் ஜெயிச்சது?”

“இன்னா கேள்வி இது? எங்கம்மாதான்.”

நான் அப்போது மொழியியல் எம்.ஏ. கடைக்கு மேல் மாடியில் அறை. ஒரு மொழி பிறந்து இரண்டாம் தலைமுறைக்கு வந்திருக்கிறது, அதுவும் என் அறைக்கு நேர் கீழே! தினமும் நோட்டோடு இறங்கிவிடுவேன். சிக்னல் ஒரு கையால் பாய்லர் குழாயைப் பிடித்திருந்தால் மறு கையால் பாதி வார்த்தைதான் வரும். அந்தப் பாதியையும் விடமாட்டேன்.

“எழுதிக்கினே கீறியே, ஒரு நாளாவது கையால பேசக்கூடாதா?” என்பார்.

“நோட்டு முடியட்டும்ணே.”

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவன் பொய் சொல்கிறான். வசூலுக்கு வருகிற சங்கத்துக்காரர் முதல் பெண் பார்த்துக் கொடுக்க வந்த தரகர் வரை, கை கட்டியவர் யாருக்கும் அங்கே டீ கிடையாது. தரகர் போனதோடு சிக்னலின் கல்யாணப் பேச்சும் போனது.

அப்பா எப்போதோ போய்விட்டார். கடைக்குள்ளே ஒரு முக்காலியில் அம்மா இஞ்சி நசுக்கிக்கொண்டிருப்பார். புதிதாக யார் வந்தாலும் மேலும் கீழும் பார்த்து, கையால் ஒரு பெயர் வைத்துவிடுவார். எனக்கு, மூக்குக் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுவது. கோர்ட் குமாஸ்தாவுக்கு, பென்சிலால் காது குடைவது. அவர் ஒரு மாதம் காதில் கையே வைக்காமல் இருந்துவிட்டு, பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார். வாய் மனுதான்.

சிக்னல் கையை விரித்தார். “பேர் வெச்சது எங்கம்மா. திருத்தறதுக்கு இது இன்னா ரேஷன் கார்டா?”

ஒரே ஒரு சொல்லில் மட்டும் தாய்க்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. ‘நேற்று’. அந்த வீட்டுப் பாஷையில் அப்படி ஒன்று கிடையாது. சிக்னலுக்கு ஆறு வயதில் எவனோ அடித்துவிட, அதை மறுநாள் வீட்டில் சொல்வதற்காகக் கையைத் தோளுக்குப் பின்னால் வீசியெறிந்து, தானே ஒன்றை உண்டாக்கினார். அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. பொடிப் பசங்களின் பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்பது வருடமாக அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

“அந்த அடிச்சவனுக்கு மொழியியல் நன்றி சொல்லணும்ணே!” என்று துள்ளினேன்.

“சொல்லு. நான் அவனை இன்னும் தேடிக்கினுதான் கீறேன்.”

அந்த வருட மழைக்காலத்தில் அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு திணறியது. தி.நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். இரண்டு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் பார்த்துவிட்டு வெளியே வந்த சிக்னலின் முகம் சரியில்லை.

“எங்கம்மா வாயைக் கட்டி வெச்சிக்கீறாங்க நைனா.”

“அது மூச்சுக்கு வெச்ச டியூப்ணே. சரியானதும் எடுத்துடுவாங்க.”

“டியூப் இல்லடா.” இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இது!”

டியூபைப் பிடுங்கிவிடாமல் இருக்க, இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் செய்வதுதான்.

“அவுத்தா பிடுங்கிடுவாங்க சார்,” என்றார் நர்ஸ்.

“பிடுங்காதேன்னு நான் சொல்றேன் சிஸ்டர். ஆனா சரின்னு சொல்ல அவங்களுக்குக் கை வேணும்ல?”

நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து டாக்டருக்கு எழுதினேன். படித்த படிப்பையெல்லாம் அதில் கொட்டினேன். அவர் அதைப் பாதிகூடப் படிக்காமல், “பத்து நிமிஷம். ஒரு கை மட்டும். ரெண்டு பேரும் பக்கத்துலயே நில்லுங்க,” என்றார்.

வலது கையை அவிழ்த்தார்கள். மணிக்கட்டில் சிவந்த தடம். அந்தக் கை டியூபிடம் போகவில்லை. நர்ஸைக் காட்டி, நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டியது.

“என்ன சொல்றாங்க?”

“உனக்குப் பேர் வெச்சிட்டாங்க சிஸ்டர்.” அர்த்தத்தைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கை மெதுவாக உயர்ந்து, தோளுக்குப் பின்னால் வீசியது. மகனைக் காட்டியது. உள்ளங்கையை விரித்தது.

நேற்று. நீ. எங்கே?

சிக்னல் என்னைப் பார்த்தார். “என் வார்த்தைடா,” என்றார். விரித்த அந்த உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தார்.

பத்து நிமிடம் முடிந்ததும் கையைத் திரும்பக் கட்டினார்கள். மறுநாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்தது. டீ அதே டீதான். ஆனால் கிளாஸைக் கொடுத்த கையோடு சிக்னல் மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்.

“எப்படிண்ணே இருக்கீங்க?”

“நல்லாத்தான் கீறேன் நைனா.”

ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கடைக்குள் போகாமல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். நடுவில் பஸ்களின் இரைச்சல். நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணாடியை ஒற்றை விரலால் தள்ளினேன். கையைத் தோளுக்குப் பின்னால் வீசினேன். நான் நேற்று வரவில்லை, டீ வேண்டும். சொன்னேனோ உளறினேனோ, தெரியாது.

சிக்னல் வெறித்துப் பார்த்தார். கட்டியிருந்த கைகள் மெல்லப் பிரிந்தன. தோளை இன்னும் தூக்கு, விரல் இப்படியா இருக்கும், டீயா கேட்கிறாய் எருமை, நீ கேட்டது கட்டில் என்று இரண்டு கையாலும் திட்டத் தொடங்கியவர், பால் பொங்கி வழியும்வரை நிறுத்தவேயில்லை.

அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.